மனு ரிட்டர்ன் ஆகிவிட்டது: பிரிந்த தேதியாக எதை எழுதுவது?

மொட்டைமாடிக்காரி:

நானும் கணவரும் சண்டை போடாமல் பிரிகிறோம். இந்து திருமணச் சட்டம் 13பி, பரஸ்பர சம்மத விவாகரத்து மனு. நவம்பர் முதல் வாரம் குடும்ப நல நீதிமன்றத்தில் தாக்கல் செய்தோம். மூன்றே வாரத்தில் ரிட்டர்ன், அதாவது எண் தராமல் குறை எழுதித் திருப்பிவிட்டார்கள். ஓராண்டு பிரிவு காட்டப்படவில்லை, இரண்டாம் மனுதாரர் (என் கணவர்) பெயரில் வேறுபாடு, பக்க எண் இல்லை என்று மூன்று குறை எழுதியிருக்கிறார்கள்.

பக்க எண் போட்டுவிடலாம். பெயர்தான் வேடிக்கை. ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகையில் வீட்டில் கூப்பிடும் பெயர், திருமணப் பதிவுச் சான்றிதழில் அப்பா பெயரும் சேர்ந்து முழுசாக. மூன்று பேரைக் கட்டிக்கொண்டது போல இருக்கிறது.

என் கவலை தேதி. அவர் வீட்டை விட்டுப் போனது 2024 ஜனவரி 18. மனு போட்ட நாளுக்குப் பத்து மாதம்கூட ஆகவில்லை. ஆனால் 2023 ஜூலை முதல் வாரத்திலிருந்தே அவர் மாடி அறையில், நான் கீழே மகளோடு. சமையல்கூடத் தனித்தனி. மகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்று ஒரே வீட்டில் இருந்தோம். எங்கள் வக்கீல், "2023லயே வீட்டை விட்டுப் போனார்னு போட்டுடலாம், யாரு பார்க்கப்போறா?" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்வது?

பழைய கட்டு:

அம்மா, கோர்ட் அலுவலகத்தில் உட்கார்ந்து இருபத்தெட்டு வருஷம் இப்படி ரிட்டர்ன் போட்டவன் நான். ஓய்வு பெற்றாகிவிட்டது. முதலில் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள், அப்புறம் படியுங்கள்.

யார் பார்க்கப்போகிறார்கள்? நாங்கள்தான் பார்ப்போம். இப்போதைய முகவரிக்கு ஆதாரமாக அவருடைய வாடகை ஒப்பந்தத்தை வைத்திருப்பீர்கள். அதில் 2024 ஜனவரி என்று இருக்கும். மனுவில் 2023 ஜூலை என்று இருந்தால், நடுவில் ஆறு மாதம் மனிதர் எங்கே தங்கினார்? நான் முதலில் புரட்டுவதே அந்த இணைப்புகளைத்தான். அதோடு மனுவுக்குக் கீழே சத்தியம் செய்து கையெழுத்துப் போடுவது நீங்கள் இருவரும். வக்கீல் இல்லை.

ஆனால் பொய்யே தேவையில்லை. சட்டம் கேட்பது தனி வீடு அல்ல, மனு போடும் நாளுக்கு முன் ஓராண்டாவது தனியாக வாழ்ந்திருக்க வேண்டும் என்பதுதான். 1991ல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரே கூரையின் கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழாமல் இருக்கலாம், வேறு வேறு வீட்டில் இருந்துகொண்டும் கணவன் மனைவியாக வாழலாம். அதனால் இரண்டு தேதியையும் எழுதுங்கள். ஜூலையிலிருந்து ஒரே வீட்டில் தனித்தனியாக, இல்லறம் இல்லாமல். ஜனவரி 18 முதல் தனி முகவரியில். மாடி அறை, தனிச் சமையல், மகளின் பரீட்சை, எல்லாம் ஒரு பத்தியில் வரட்டும். நீதிபதி கேட்டால் இருவர் வாயிலும் ஒரே பதில் வரும், ஏனென்றால் அது நடந்தது.

இன்னொரு யோசனை. இப்போது டிசம்பர். பழைய மனுவைத் திருத்திப் போடாமல், ஜனவரி கடைசியில் புது மனுவாகப் போட்டால், வீட்டை விட்டுப் போன தேதியை வைத்தே ஓராண்டு நிறைந்துவிடும். ஜூலையிலிருந்து எண்ணினால் பதினெட்டு மாதமும் தாண்டிவிடும். அது ஏன் முக்கியம் என்றால், முதல் மனுவுக்குப் பிறகு, தீர்ப்புக் கேட்க ஆறு மாதம் காத்திருக்கச் சொல்கிறது சட்டம். 2017ல் அமர்தீப் சிங் வழக்கில் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று தீர்ப்பு வந்தது. அதற்கு, மனு போடும் முன்பே பதினெட்டு மாதப் பிரிவு முடிந்திருக்க வேண்டும், சமரச முயற்சி பலிக்காமல் போயிருக்க வேண்டும், ஜீவனாம்சமும் குழந்தை விஷயமும் தீர்ந்திருக்க வேண்டும். தளர்த்துவது நீதிபதி விருப்பம், கேட்பதற்குத் தனி மனு போட வேண்டும். உங்கள் நவம்பர் மனுவுக்குப் பதினாறு மாதம்தான் ஆகியிருந்தது.

பழைய மனுவையே திருத்திப் போடுவதென்றால், எத்தனை நாளுக்குள் என்று ரிட்டர்னிலேயே இருக்கும். தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு இன்னொரு மனு. அந்தத் தலைவலி வேறு.

பெயருக்கு "என்கிற" போடுங்கள். மனுவின் தலைப்பிலேயே இன்னார் என்கிற இன்னார். இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைக் குறிக்கும் என்று பிரமாணப் பத்திரத்தில் ஒரு வரி.

கடல்காகம்:

சகோதரி, எனக்கு முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. சார் தேதி பற்றிச் சொல்லிவிட்டார், நான் உங்கள் இருவருக்குள் எழுதும் பிரிவு ஒப்பந்தம் பற்றி மட்டும். என் மகன் விஷயத்தில் "விடுமுறைகளில் தந்தை பார்க்கலாம்" என்று ஒற்றை வரி எழுதினோம். எந்த விடுமுறை? எத்தனை நாள்? கூட்டிப்போவது யார், கொண்டுவிடுவது யார்? ஒவ்வொரு லீவுக்கும் இன்னும் போனில் மல்லுக்கட்டுகிறோம். நாள், நேரம், இடம் எல்லாம் எழுதுங்கள். படிப்புச் செலவு யார், பாஸ்போர்ட் எடுக்க அப்பா சம்மதம் தருவாரா, அதையும்.

பணம், நகை கைமாறுவதை ஒரே நாளில் வைக்காதீர்கள். இறுதித் தீர்ப்பு வரும்வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். நாங்கள் பாதியை முதல் மனுவின்போதும் மீதியைக் கடைசி வாக்குமூலத்தன்றும் என்று எழுதினோம். நகையைக் கிராம் கணக்கோடு பட்டியல் போட்டு இருவரும் கையெழுத்துப் போட்டோம். என் மாமியாருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் அதன் பிறகு வளையல் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

தீர்ப்பு வந்ததும் சான்றிட்ட நகலுக்கு உடனே மனு போடுங்கள், இரண்டு மூன்று செட்டாக. நான் ஒன்றே வாங்கி, அதை ஓர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு அலைந்தேன்.

வாய்தா வரதன்:

வழக்கு எண் விழுந்ததும் எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு இடம் கொண்ட சி.என்.ஆர் என்ற வழக்கு அடையாள எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா தேதியை நீங்களே பார்க்கலாம். "சொல்றேன் சார், சொல்றேன் சார்" என்ற வக்கீலை நம்பி நான் ஒரு வாய்தாவைக் கோட்டை விட்டேன்.

மொட்டைமாடிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. அவரிடமும் பேசிவிட்டேன், ஜனவரிவரை பொறுக்கலாம் என்கிறார். மாடி அறை பத்தியை நேற்று இருவரும் உட்கார்ந்து எழுதினோம். இவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்து ரொம்ப நாளாகிறது. வக்கீல் முகம் சுளித்தார், ஆனால் ஒப்புக்கொண்டார். சார், ஒரே சந்தேகம். அவர் பெயரில் "என்கிற" இரண்டு முறை வருகிறது. பரவாயில்லையா?

பழைய கட்டு:

நான்கு வந்த மனுவையும் நம்பர் செய்திருக்கிறேன் அம்மா. பக்க எண் போட மறக்காதீர்கள்.