வைட்டமின் டி செய்திகளில் எதை நம்புவது? உதவுங்கள்

களியக்காவிளையில் எங்கள் வீட்டுக்குத் தமிழ்ப் பத்திரிகையும் வரும், மலையாளப் பத்திரிகையும் வரும். ஒன்று வைட்டமின் டி மாத்திரை எலும்பைக் காக்கும் என்கிறது. மற்றது பயனே இல்லை என்கிறது. அம்மாவுக்குக் குறைபாடு உண்டு, டாக்டர் சொல்லித்தான் சாப்பிடுகிறார். இப்போது நிறுத்திவிடட்டுமா என்று கேட்கிறார்.

தேடிப் பார்த்தேன். அமெரிக்காவின் வைட்டல் ஆய்வு, 25,871 பேர், தினமும் 2000 யூனிட். எலும்பு முறிவு குறையவில்லை என்று 2022-இல் முடிவு வந்தது. ஆனால் அவர்கள் குறைபாடு பார்த்துச் சேர்க்கப்பட்டவர்கள் அல்லர். முக்கியமான இந்த விஷயத்தையே செய்தியில் விட்டுவிட்டார்களே!

மருத்துவர்கள், மருந்தாளுநர்கள் யாராவது சொல்லுங்கள். யாரிடம் சோதித்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், யார் பணம் என்பதோடு வேறு என்ன பார்க்க வேண்டும்? அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் பெரிய உதவி.