26-ஆவது கிலோமீட்டரில் பிடித்த குரக்களி: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

அண்ணன் (காலை 8.40): இன்று மெரினாவில் 30 கிலோமீட்டர் பயிற்சி ஓட்டத்துக்குப் போயிருந்தேன். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 30 விநாடி என்ற வேகத்தில், தண்ணீர் குடிக்கும்போதுகூட நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த எனக்கு, 26-ஆவது கிலோமீட்டரில் வலது கெண்டைக்காலில் குரக்களி பிடித்துவிட்டது. நடைபாதைத் திண்டில் உட்கார்ந்து தேய்த்துவிட்டு, மீதி 4 கிலோமீட்டரை நொண்டி நொண்டித்தான் முடித்தேன். ஜனவரியில் முழு மாரத்தான் ஓட முடியுமா என்று கவலையாக இருக்கிறது.

அம்மா (8.44): முதலில் வீட்டுக்கு வா. உப்புப் போட்ட மோர் கலக்கி வைத்திருக்கிறேன்.

அத்தை (8.58): கண்ணா, கடைசியில் வேறு வழியில்லாமல் நடந்தாயே, அந்த நடையைத் தொடக்கத்திலிருந்தே சிறிது சிறிதாகப் பிரித்து நடந்திருந்தால் நீ திண்டில் உட்கார்ந்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். நான் என் முதல் இரண்டு மாரத்தான்களை இடைவிடாமல் ஓடத் தொடங்கி, இரண்டிலும் 30 கிலோமீட்டருக்குப் பிறகு தள்ளாடினேன். மூன்றாவதிலிருந்து 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று முதல் கிலோமீட்டரிலேயே தொடங்கிவிடுகிறேன்.

பெரியப்பா (9.10): தங்கச்சி, நீ சொல்வதை மறுப்பதற்காகச் சொல்லவில்லை. கல்லூரியில் 5,000 மீட்டர் ஓடிய காலத்தில், ஒருமுறை நடந்துவிட்டால் மூச்சின் தாளமும் காலின் தாளமும் கலைந்துவிடும் என்று எங்கள் பயிற்சியாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஓட்டப் போட்டியில் பெயர் கொடுத்துவிட்டு, திட்டம் போட்டு நடப்பதை என் மனம் ஏற்கவில்லை. குரக்களி பிடித்ததற்குக் காரணம் பயிற்சி போதாமையாகவும் இருக்கலாம் அல்லவா?

அத்தை (9.31): அண்ணா, 5,000 மீட்டருக்கு உங்கள் பயிற்சியாளர் சொன்னது முற்றிலும் சரி. இருபது நிமிடத்தில் முடிந்துவிடும் ஓட்டத்தில் நடப்பதற்கு இடமே இல்லை. பயிற்சி போதாமையும் ஒரு காரணம்தான், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவன் நான்கரை மணி நேரத்துக்கும் மேலாகச் சாலையில் இருக்கப்போகிறவன். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நடக்கும்போது அது ஏறத்தாழ உடல் எடை அளவுதான். தசை சோர்ந்த பிறகு நடந்தால் அது மீண்டு வருவதில்லை. சோர்வதற்கு முன்பே ஒரு நிமிடம் விட்டுக்கொடுத்தால்தான் கடைசி 10 கிலோமீட்டருக்குக் கால் மிஞ்சும்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். 4 நிமிடம் இவனுடைய அதே 6.30 வேகத்தில் ஓடி, 1 நிமிடம் கிலோமீட்டருக்கு 10 நிமிடம் என்ற சாதாரண நடையில் போனால், சராசரி கிலோமீட்டருக்கு 7 நிமிடம் வருகிறது, 42.195 கிலோமீட்டரும் 4 மணி 55 நிமிடத்தில் முடியும். நிற்காமல் ஓடி, 30 கிலோமீட்டரில் தளர்ந்து, மீதித் தூரத்தைக் கிலோமீட்டருக்கு 9 நிமிடம் என்று இழுத்துக்கொண்டு போனால் 5 மணி 5 நிமிடம் ஆகிறது.

அண்ணன் (9.36): அத்தை, கடைசி வரை 6.30 வேகத்திலேயே தாக்குப்பிடித்தால் 4 மணி 34 நிமிடத்தில் முடித்துவிடலாமே?

அத்தை (9.42): தாக்குப்பிடிக்க முடிந்தவர்கள் நிற்காமல்தான் ஓட வேண்டும், கண்ணா. இன்று 26-இல் உட்கார்ந்த கால் ஜனவரியில் 42 வரை அதே வேகத்தில் போகும் என்று நம்பி இறங்காதே என்றுதான் சொல்கிறேன்.

இந்த முறையைப் பரப்பிய ஜெஃப் காலோவே 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடியவர். 1974-இல் ஓட்டமே பழகாதவர்களுக்கு வகுப்பு நடத்தியபோது, அவர்கள் காயமில்லாமல் தூரத்தைக் கூட்டுவதற்காக இடையிடையே நடக்கச் செய்தார். அதிலிருந்துதான் இது வளர்ந்தது.

பெரியப்பா (9.50): புதியவர்களுக்குச் சரி. வெற்றி பெற்றவர்கள் எவராவது இடையில் நின்றிருக்கிறார்களா?

அத்தை (9.57): 1975 பாஸ்டன் மாரத்தானில் பில் ரோட்ஜர்ஸ் தண்ணீர் குடிக்கச் சில முறை நின்றார்; ஷூ நாடாவைக் கட்டவும் ஒருமுறை நின்றார். அப்படியும் 2 மணி 9 நிமிடம் 55 விநாடியில் வென்றார். அது திட்டமிட்ட நடை இல்லை, அதனால் என் கட்சிக்கு முழுச் சான்றாக அதைக் காட்ட மாட்டேன். தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டத்தைப் பாருங்கள்: டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டர், 12 மணி நேர வரம்பு. ஓட்டம் டர்பனில் தொடங்கி மேல்நோக்கிப் போகும் ஆண்டுகளில் இறுதிப் பகுதியில் வரும் பாலி ஷார்ட்ஸ் ஏற்றத்தை, பின்வரிசைக்காரர்களில் பெரும்பாலோர் நடந்துதான் கடக்கிறார்கள். அவர்களை ஓடவில்லை என்று யாரும் சொல்வதில்லை.

அம்மா (10.05): அண்ணி, நடுநடுவே நடந்தால் இதயத்துக்கும் நல்லதுதானே? எனக்கு அந்தப் பயம்தான் பெரிது.

அத்தை (10.14): அந்த நம்பிக்கையை மட்டும் இதன்மேல் வைக்க வேண்டாம். ஜெர்மனியில் காசல் நகர மாரத்தானில் இதை ஆராய்ந்தார்கள்: ஒவ்வொரு 2.5 கிலோமீட்டருக்கும் ஒரு நிமிடம் நடந்தவர்களும் நிற்காமல் ஓடியவர்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடித்தார்கள். நடந்தவர்களுக்குத் தசைவலியும் களைப்பும் குறைவாக இருந்தன. இதயத்தின்மேல் விழுந்த சுமை குறையவில்லை. அதனால் போட்டிக்கு முன் மருத்துவரிடம் காட்டி ஈசிஜி எடுத்துவிட வேண்டும்.

நான் (10.20): அத்தை, கூட்டத்தில் திடீரென்று நடந்தால் பின்னால் வருபவர்கள் மோதிக்கொள்ள மாட்டார்களா?

அத்தை (10.29): நல்ல கேள்வி கேட்டாய். நடப்பதற்கு நாலைந்து அடி முன்பே கையை உயர்த்தி, சாலையின் ஓரத்துக்கு ஒதுங்கி, அதன் பிறகுதான் வேகத்தைக் குறைக்க வேண்டும். தண்ணீர் மேசை வரும்போது அந்த நிமிடத்தையே நடையாக வைத்துக்கொண்டால், காகிதக் கோப்பையின் வாயைச் சற்றே கிள்ளிக் குவித்துப் பிடித்து, மூக்கில் ஏறாமல் முழுவதும் குடித்துவிடலாம். சென்னைப் புழுக்கத்தில் ஓடிக்கொண்டே குடிப்பவர்கள் பாதித் தண்ணீரைச் சட்டையில்தான் ஊற்றிக்கொள்கிறார்கள்.

பெரியப்பா (10.41): என் கருத்தை நான் இன்னும் முழுமையாக மாற்றிக்கொள்ளவில்லை. அடுத்த 30 கிலோமீட்டரை 4-1 கணக்கில் ஓடிப் பார்க்கட்டும். நான் சைக்கிளில் கூடவே வந்து, 26-க்குப் பிறகு கால் எப்படி விழுகிறது என்று என் கண்ணால் பார்க்கிறேன்.

அத்தை (10.44): வாருங்கள் அண்ணா. கண்ணா, இரண்டு வாரம் கழித்து வைத்துக்கொள்வோம். அதுவரை அந்தக் கெண்டைக்காலுக்கு ஓய்வு கொடு. கைக்கடிகாரத்தில் முந்தைய இரவே 4-1 என்று பதிந்துவிடு. முதல் அதிர்வு வரும்போது உடம்பில் களைப்பே இருக்காது, ஓடிவிடலாம் என்றுதான் தோன்றும். அப்போதும் நடக்க வேண்டும்.

அண்ணன் (10.47): இப்போதே பதிந்துவிட்டேன், அத்தை. மோரும் குடித்துவிட்டேன், அம்மா.