வெறுப்புப் பேச்சை சட்டம் போட்டு தடுக்கணுமா? கோடு எங்க போடுறது?

மழைக்காகிதம்:
ரெண்டு நாளா மனசே சரியில்லங்க. எங்க குரூப்ல ஒருத்தர் ஒரு மதத்துக்காரங்களை கரப்பான் பூச்சின்னு திட்டுற வாய்ஸ் நோட்டை ஃபார்வர்ட் பண்ணாரு, ஒருத்தரும் வாயத் திறக்கல, நாலு பேர் தம்ஸ் அப் வேற போட்டாங்க, பத்து நிமிஷத்துல அந்த மதத்தைச் சேர்ந்த ஒரே நண்பர் சத்தமில்லாம குரூப்ப விட்டு வெளியேறிட்டாரு. இதுக்கெல்லாம் கேஸ் போடணுமா, இல்ல பேச்சுரிமைன்னு விட்டுடணுமா?

கல்தூண்:
கேஸ் போடணும். 1994ல ருவாண்டாவுல ஆர்டிஎல்எம்னு ஒரு ரேடியோ டுட்சி இன மக்களை இதே கரப்பான் பூச்சின்னுதான் சொல்லிட்டே இருந்துச்சு, சுமார் 100 நாள்ல லட்சக்கணக்கான பேரைக் கொன்னு குவிச்சாங்க. மனுஷனை பூச்சின்னு பழக்கிட்டா நசுக்குறது பெருசா தெரியாது. ஜெர்மனி பட்டுத் தெரிஞ்ச நாடு, அங்க குற்றவியல் சட்டத்தோட 130வது பிரிவுல இதுக்கு 5 வருஷம் வரைக்கும் ஜெயில்.

நடுக்கடல்:
கோவம் புரியுது ப்ரோ, ஆனா அந்த சட்டம் நாளைக்கு யார் கையில இருக்கும்னு யோசிங்க. இந்தியாவுல ஐடி சட்டத்தோட 66ஏ பிரிவு எரிச்சல் உண்டாக்குற பதிவுன்னெல்லாம் மொட்டையா சொல்லிச்சு, 2012ல ஃபேஸ்புக்ல சாதாரணமா கருத்து சொன்ன ரெண்டு பொண்ணுங்களை அரெஸ்ட் பண்ணாங்க, 2015ல சுப்ரீம் கோர்ட்தான் அந்தப் பிரிவையே ரத்து பண்ணுச்சு. ஒரு கருத்தைப் பேசுறது, அதுக்கு ஆதரவு தேடுறது எல்லாம் உரிமை, வன்முறையைத் தூண்டுற இடத்துலதான் தடை வரலாம்னு அந்தத் தீர்ப்பு பிரிச்சுச் சொல்லுது. அமெரிக்கா 1969லயே இன்னும் இறுக்கமா கோடு போட்டுடுச்சு, உடனடி வன்முறையைத் தூண்டுற நோக்கமும் இருக்கணும், அது நடக்க வாய்ப்பும் இருக்கணும்.

தாழ்வாரம்:
ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஐநா ஏற்பாட்டுல 2012ல ரபாத் திட்டம்னு ஒண்ணு வந்துச்சு, ஒரு பேச்சு தண்டிக்கிற அளவுக்குப் போயிருக்கான்னு பார்க்க அதுல ஆறு கேள்வி: சூழ்நிலை என்ன, பேசுறவருக்கு எவ்வளவு செல்வாக்கு, நோக்கம் என்ன, என்ன சொன்னாரு, எத்தனை பேருக்குப் போச்சு, ஆபத்து எவ்வளவு கிட்ட இருக்கு. கலவரம் மூண்டிருக்கிற நேரத்துல மைக் முன்னாடி ஒரு தலைவர் சொன்னா கண்டிப்பா கேஸ்தான். உங்க குரூப்ல வந்தது அந்த அளவுக்கு இல்லைன்னு நினைக்கிறேன், ஆனா கேஸ் இல்லைங்கிறதுக்காக சும்மா இருக்கணும்னு எங்க இருக்கு? நீங்க அங்கயே எதிர்த்து எழுதுங்க, வெளிய போனவருக்கு முதல்ல ஃபோன் பண்ணுங்க.

மழைக்காகிதம்:
பண்ணேங்க. ரொம்ப பேசல, "பரவால்ல"ன்னாரு. குரூப்ல இது தப்புன்னு என் பேர்லயே எழுதிட்டேன், கை நடுங்குச்சு. ஒருத்தர் தம்ஸ் அப்பை எடுத்துட்டாரு. நண்பர் இன்னும் திரும்பி வரல.