ஷெர்லி பாப்பி விதை எடுக்க உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. லண்டன் பக்கம் க்ராய்டனில் இருக்கிறேன், வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம், அதில் ஷெர்லி பாப்பி இப்போது பூத்துக் கொட்டுகிறது. இந்த வகை பிறந்ததே இங்கே பக்கத்து ஷெர்லியில்தான். 1880 வாக்கில் அங்கே பாதிரியாராக இருந்த வில்லியம் வில்க்ஸ், சிவப்புப் பாப்பிகளுக்கு நடுவே இதழோரம் வெள்ளைக் கோடு விழுந்த ஒரு பூவைப் பார்த்து, அதன் விதையை எடுத்து விதைத்து, வருஷா வருஷம் நல்லதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்கிப் பிடுங்கியே, நடுவிலிருந்த கறுப்பையும் இல்லாமல் ஆக்கிவிட்டார். எவ்வளவு பொறுமை அந்த மனிதருக்கு!

இந்த வெளிர் நிறங்கள் கைவிட்டுப் போகக்கூடாது என்பதுதான் என் கவலை. வேலியோரம் காட்டுச் சிவப்புப் பாப்பி தானாக முளைக்கிறது, இரண்டும் ஒரே இனம், தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடும். சரி, மொட்டுக்குப் பை கட்டலாம் என்றால் இந்தச் செடி தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்காது. அதனால் இரண்டு செடிகளின் மொட்டுகளை மூடி வைத்து, விரிந்ததும் தூரிகையால் நானே மகரந்தம் மாற்றலாமா? யாராவது செய்திருக்கிறீர்களா? இதழ் சீக்கிரமே உதிர்ந்துவிடுகிறதே, காலையிலேயே செய்ய வேண்டுமா?

(கசகசா தருவது இதன் உறவுக்காரச் செடி. இந்தியாவில் உரிமம் இல்லாமல் அதை வளர்க்க முடியாது. நான் கேட்பது அது இல்லை.)

அப்புறம், எடுத்த விதையை இந்தக் களிமண்ணில் செப்டம்பரிலேயே தூவலாமா, மார்ச் வரை வைத்திருக்கலாமா? ஆணிவேர்ச் செடி, பிடுங்கி நட்டால் வாடிவிடும், அதனால் நேராகத்தான் விதைக்கப்போகிறேன்.