புதுப்பிப்பு: ஃபார்ன்பரோ பழைய குருமனை

பெர்க்‌ஷயரின் ஃபார்ன்பரோ என்ற இங்கிலாந்துக் கிராமத்தின் பழைய குருமனை (தேவாலயக் குரு குடியிருந்த வீடு) பற்றி முன்பு எழுதியிருந்தேன். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய செங்கல் வீடு. ஒரு கிராமத்துக் குருவுக்கு இத்தனை பெரிய வீடு எதற்கு என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

காரணம் தசமபாகம். அந்தக் காலத்தில் ஊரின் தானிய விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு ரெக்டர் என்ற குருவுக்குச் சேரும். விளைச்சல் நன்றாக இருந்தால் அவர் ஒரு சிறு நிலக்கிழார்தான். பிறகு 1776இல் வந்த சட்டம், வீட்டைப் பழுதுபார்க்கவோ புதிதாகக் கட்டவோ குருமார் கடன் வாங்க வழிசெய்தது. இங்கிலாந்தில் ஏராளமான குருமனைகள் அதன்பின் எழுந்தவை.

அந்த வீட்டுச் சுவரின் சாம்பல் நிறச் செங்கல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது பூச்சு இல்லை. விறகுச் சூளையில் தீக்கு மிக அருகில் இருக்கும் கல்லின் முகத்தில் விறகுச் சாம்பலில் உள்ள பொட்டாஷ் என்ற உப்பு உருகி, கண்ணாடி போலப் படியும். அந்தக் கல்லைச் சுவருக்கும், சிவப்புக் கல்லை மூலைகளுக்கும் ஜன்னல் ஓரங்களுக்கும் வைப்பது அந்த வட்டாரக் கொத்தர்களின் வழக்கம். எனக்கு இதைவிட அழகான சுவர் தெரியாது.

அப்புறம், கவிஞர் ஜான் பெட்ஜமன் 1945இல் குடிவந்தபோது அங்கே மின்சாரமே இல்லை. 1951 வரை இருந்தார். 2008இல் கன்ட்ரி லைஃப் இதழ் இங்கிலாந்தின் மிகச் சிறந்த குருமனையாக இதைத் தேர்ந்தெடுத்தது. இப்போதும் தனியார் வீடுதான். பக்கத்துத் தேவாலயத்தில் பெட்ஜமன் நினைவாக ஓவியர் ஜான் பைப்பர் வடிவமைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னலை அவசியம் பாருங்கள்.