சேரன்மகாதேவி: பழைய வீட்டுச் சுவரில் பூச்சு நிற்கவில்லை

அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். 11 வருடம் கொத்தனார் வேலை பார்த்துவிட்டு, இந்த ஆண்டுதான் சொந்தமாகக் காண்டிராக்ட் எடுக்கத் தொடங்கினேன். முதல் வேலையிலேயே மாட்டிக்கொண்டேன்.

வீடு சேரன்மகாதேவியில், கன்னடியன் கால்வாய்க்குப் பக்கத்தில். 80 வருடத்துக்கு மேற்பட்ட செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரைக் கட்டு, ஒன்றரை அடி கனம். அந்தக் காலத்து வீடு; தரை ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்க அடிமட்டத்தில் வைக்கும் ஈரத்தடுப்புப் பட்டை கிடையாது. ஜூலையில் பழைய காரைப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு 1:5 சிமெண்ட் பூச்சு (ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல்) போட்டேன். பிசான நெல் சாகுபடிக்குக் கால்வாயில் தண்ணீர் வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, தரையிலிருந்து மூன்று அடி வரை உப்புப் பூத்து, பெயின்ட் பொரிந்துவிட்டது. பூச்சு பிடிப்பு விட்டு, தட்டினால் டொப்பு டொப்பென்று கேட்கிறது. அதற்கு மேலே சுவர் காய்ந்தே இருக்கிறது. கூரை ஒழுகவில்லை. குழாய்த் தண்ணீரை மூன்று நாள் அடைத்துவைத்துப் பார்த்தேன், ஈரம் குறையவில்லை.

உதிர்ந்த இடத்தைக் கொத்தி, நீர்த்தடுப்புக் கலவை சேர்த்து 1:4-இல் மறுபடி பூசினேன். ஒரு மாதம் தாக்குப்பிடித்தது. இப்போது ஈரம் நாலரை அடிக்கு ஏறிவிட்டது! பழைய காரை வழியாக வெளியேறிக்கொண்டிருந்த ஈரத்தை, சிமெண்டால் அடைத்து மேலே ஏற்றிவிட்டது நான்தான் போலிருக்கிறது.

பேசியது சதுர அடிக் கணக்கு. மறுபூச்சுச் செலவு என் கையிலிருந்துதான். வீட்டுக்காரப் பெரியம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் அதிகம் உறுத்துகிறது.

சிமெண்டை முழுதும் எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சே போடுவதா, சுவரடியில் துளையிட்டு ஈரத்தடுப்பு ரசாயனம் செலுத்திவிட்டுப் பூசுவதா? ஆற்றோர வீடுகளில் இவற்றில் எது உங்கள் கையில் நின்றது?