மறு: ‘ஆக்கிரமிப்பு இனம்’ என்பதற்கு மாற்றாக ‘மண்டும் அயலினம்’

வணக்கம் ஐயா,

> ‘இன்வேசிவ் ஏலியன் ஸ்பீஷீஸ்’ என்பதற்கு ‘ஆக்கிரமிப்பு இனம்’ என்று நாளிதழ்கள் எழுதிப் பழகிவிட்டன. ‘அந்நிய ஊடுருவல் இனம்’ என்பதும் வழக்கில் உள்ளது. இரண்டில் ஒன்றை ஏற்றுக்கொண்டு மேலே செல்லலாமே.

மனிதரால் வேற்றிடத்திலிருந்து கொண்டுவரப்பட்டு, பரவிப் பெருகிப் பிற உயிர்களை நெருக்கும் இனத்துக்கு நம் அகராதியில் வைக்க, இந்த இரண்டு சொற்களிலும் எனக்குத் தயக்கம் உண்டு. ஆக்கிரமிப்பு என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது புறம்போக்கு நிலமும் வருவாய்த்துறை நோட்டீசும்தான். ‘கண்மாய் ஆக்கிரமிப்பு அகற்றம்’ என்றொரு தலைப்பைப் பார்ப்பவர், அகற்றப்பட்டது சீமைக்கருவேலமா, யாரோ கட்டிய சுற்றுச்சுவரா என்பதைச் செய்திக்குள் நுழைந்துதான் தெரிந்துகொள்ள முடியும். ஊடுருவல் என்பதோ ஒளிந்து நுழைவதைக் குறிக்கும் சொல். உண்ணிச்செடி (லாண்டனா) ஒளிந்து வரவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடியாகக் கொண்டுவரப்பட்டது. சீமைக்கருவேலத்தை விறகுக்கும் வேலிக்குமாக நாமே விதைத்தோம். 1958-இல் இத்தகைய இனங்களை ஆராயும் துறைக்கு அடித்தளமிட்ட ஆங்கிலேயச் சூழலியலாளர் சார்லஸ் எல்டனின் எழுத்திலேயே படையெடுப்பின் உருவகம் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால், அந்த உருவகத்தையும் சேர்த்து நாம் இறக்குமதி செய்யவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

சொல்லைத் தேடுவதற்கு முன், அது எந்தப் படிநிலைக்கு உரியது என்பதை வரையறுத்துக்கொள்வது நல்லது. ஓர் உயிரினம் மனிதச் செயலால் தன் இயல்பிடத்துக்கு வெளியே கொண்டுசெல்லப்படுகிறது. புதிய இடத்தில் வெளியேறியோ விடப்பட்டோ வாழத் தொடங்குகிறது. சில வேளைகளில் மனிதத் துணையின்றித் தலைமுறை தலைமுறையாக நிலைபெறுகிறது. நிலைபெற்றவற்றுள்ளும் சில மட்டுமே பரவிப் பெருகிப் பிற உயிர்களை நெருக்குகின்றன. நமக்குச் சொல் வேண்டியது இந்தக் கடைசிப் படிக்குத்தான். பல்லுயிர் தொடர்பான அரசுகளுக்கிடையேயான அறிவியல் மன்றம் (ஐபிபிஇஎஸ்) 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மனிதரால் புதிய இடங்களில் புகுத்தப்பட்ட இனங்கள் 37,000-க்கும் மேல். அவற்றுள் தீங்கு விளைவிப்பவையாகச் சான்றுள்ளவை 3,500-க்கும் மேல். இரண்டுக்கும் ஒரே சொல்லை ஆளும் செய்தியாளர், பத்தில் ஒரு பங்கைப் பற்றிய எச்சரிக்கையை முழுத்தொகைக்கும் சூட்டிவிடுகிறார். அதே மதிப்பீடு, 2019-இல் மட்டும் உலகுக்கு நேர்ந்த பொருளாதார இழப்பை 42,300 கோடி டாலருக்கும் மேல் என்று கணக்கிடுகிறது; அந்த இழப்பு இந்தச் சிறு பங்கினால் வந்தது என்பது வாசகருக்குத் தெரியவேண்டும்.

பப்பாளித் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2008-இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மரவள்ளி, மல்பெரி என்று பரவிக் கொங்குப் பகுதி விவசாயிகளைப் பெரும் இழப்புக்கு உள்ளாக்கியது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்துப் பெருக்கி வயல்களில் விட்டபின் அது கட்டுக்குள் வந்தது. பப்பாளி அமெரிக்கக் கண்டத்தது, மாவுப்பூச்சியும் அங்கிருந்து வந்தது, குளவியும் அப்படியே. ஒரே வயலில் மூன்று அயலினங்கள். ஒன்றைப் பயிரிடுகிறோம், ஒன்றை அழிக்கிறோம், ஒன்றைக் கூலி வாங்காத வேலையாளாக வைத்திருக்கிறோம். ஆகவே ‘அயல்’ என்பது வசையாகிவிடக் கூடாது. ‘அந்நிய’ என்பதில் அந்தத் தொனி ஏற்கெனவே ஏறிவிட்டது.

> முன்னோர் ‘சீமை’ என்று அடைகொடுத்தார்களே, ‘சீமையினம்’ என்றால் என்ன?

அழகான சொல்தான். ஆனால், கரிசல் சீமை, தென்பாண்டிச் சீமை என்று நம் மண்ணையும் அதே சொல்லால்தான் குறிக்கிறோம். அதைவிட முக்கியமாக, அது வந்த இடத்தைச் சொல்கிறதே தவிர, வந்தபின் நடந்ததைச் சொல்வதில்லை.

நடந்ததைச் சொல்லும் வினை ஊர்வழக்கில் அணியமாக இருக்கிறது. ‘புதர் மண்டிக் கிடக்கிறது’, ‘கண்மாய் முழுக்கக் கருவை மண்டிவிட்டது’ என்கிறோம். மண்டுதல் என்பதில் அடர்த்தி இருக்கிறது, மற்றதற்கு இடமில்லாமல் போவது இருக்கிறது, எண்ணமோ சதியோ இல்லை. ஆகவே ‘அயலினம்’, ‘நிலைபெற்ற அயலினம்’, ‘மண்டும் அயலினம்’ என்ற வரிசையையும், நிகழ்வுக்கு ‘மண்டுகை’ என்பதையும் முன்மொழிகிறேன். ‘அயல்’ என்ற அடையை விட்டுவிட முடியாது. குளங்களில் சம்பங்கோரையும் மண்டத்தான் செய்கிறது, அது நம் நாட்டுத் தாவரமே. ‘மண்டு’ என்றால் அறிவில்லாதவன் என்று வகுப்பறையில் சிரிப்பார்களே என்று கேட்டால், ‘மண்டும்’ என்ற எச்சவடிவில் அந்தப் பொருள் எழாது என்பதே என் விடை.

> செடிகொடிகளுக்குப் பொருந்தும். விலங்குகளுக்கு?

எண்ணூர்க் கழிமுகத்தில் மீனவர்கள் காக்கா ஆழி என்றழைக்கும் தென்னமெரிக்கச் சிப்பியினம் அடிச்சேற்றின்மீது கம்பளம் விரித்தாற்போல் படிந்து, மட்டியும் இறாலும் சேற்றில் புதைய இடமில்லாமல் செய்துவிட்டது. அதற்கு மண்டுதலைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தோன்றவில்லை. எண்ணிக்கையில் குறைவாக இருந்தே தீவுப் பறவைகளைத் தின்று தீர்க்கும் பூனை போன்றவற்றுக்கு இது சற்று இறுக்கமான சட்டைதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சொல்லே தீர்ப்பாகிவிடக் கூடாது என்பதிலும் எனக்கு அக்கறை உண்டு. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணையை ஒட்டிச் சீமைக்கருவேலம் வெட்டப்பட்டபோது, இராமநாதபுரம் பக்கத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்களின் வருமானமும் அந்த மரத்தில்தான் இருந்தது. கண்மாயின் கொள்ளளவைக் குறைப்பதும் அதே மரம். மழை பொய்த்த ஆண்டில் அடுப்பெரிய வைப்பதும் அதே மரம். ‘மண்டும்’ என்பது நிலையை மட்டும் சொல்லி, இழப்பு எவ்வளவு, வரவு எவ்வளவு என்ற கணக்கைக் கட்டுரையாளரிடம் விட்டுவிடுகிறது. தீங்கை வரையறைக்குள்ளேயே வைக்கும் சட்ட ஆவணங்களை மொழிபெயர்க்கும்போது ‘தீங்குதரும் மண்டும் அயலினம்’ என்று நீட்டிக்கொள்ளலாம். நீளம்தான், ஆனால் தெளிவு.

ஒரு சூழலகம் மண்டுகைக்கு எவ்வளவு இடங்கொடுக்கும் என்பதைக் குறிக்க ‘மண்டப்படுமை’ என்று எழுதிப் பார்த்தேன், நாக்கு ஒத்துழைக்கவில்லை. ‘இடங்கொடுதன்மை’ தேவலாம் போலிருக்கிறது. இவற்றை ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்: ‘மேய்ச்சலாலும் தீயாலும் குலைந்த காட்டின் இடங்கொடுதன்மை மிகுதி, ஆதலால் அங்கே உண்ணிச்செடியின் மண்டுகை விரைந்து நிகழ்கிறது.’ படிக்கத் தடையில்லை என்றே எண்ணுகிறேன். தங்களுக்கு எங்கே இடறுகிறது என்று சொன்னால் அகராதிப் பதிவை அதற்கேற்பத் திருத்திவிடலாம்.